மூன்று கோடுகளில் ஒன்று

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நான் லண்டனில் மீன்களை எண்ணும் வேலையில் இருந்தேன். எண்ணுவது என்றால் கண்ணால் பார்த்து எண்ணுவதல்ல. கடலுக்குள் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதை யாராலும் பார்க்க முடியாது. பிடிபட்டது எவ்வளவு, அதைப் பிடிக்க எத்தனை மணி நேரம் ஆனது, மீனுக்கு என்ன வயது என்பதையெல்லாம் கணினிக்குக் கொடுத்து, பிடிபடாமல் தண்ணீருக்குள் இருப்பதை ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தைத்தான் மாடல் என்போம். மீன்பிடியைக் கட்டுப்படுத்துகிற குழுக்கள் எங்களைப் போன்ற சிறிய ஆய்வு அலுவலகங்களிடம் மாடல் கேட்கும். அதைப் பார்த்துவிட்டு எந்த இடத்தில், எந்த மாதத்தில் வலை போடலாம், போடக் கூடாது என்று முடிவெடுக்கும்.

எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேர். தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் யாழ்ப்பாணம். மற்றவர் தமிழ்நாட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவர். முதல் நாள் நான் அவரை "அண்ணை" என்று கூப்பிட்டபோது, "அண்ணான்னே சொல்லுங்க, அண்ணைன்னா வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். எனக்கு நாக்கு வளையவில்லை. சில வாரங்களில் அவருக்கும் பழகிப்போனது. மதியச் சாப்பாட்டை இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என் புட்டில் பாதி அவருக்குப் போகும், அவருடைய எலுமிச்சைச் சாதத்தில் பாதி எனக்கு வரும். மற்றவர்கள் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் எங்களுக்குள் தமிழில் வேறு மாதிரியும் பேசிக்கொள்வோம். இயக்குநர் என்ன மனநிலையில் வந்திருக்கிறார் என்பதை அவர் தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவார்.

மகள் பிறந்து ஒன்பது மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, என்னை எண்களைத் தட்டச்சு செய்கிற மேசைக்கு மாற்றிவிட இயக்குநர் நினைத்திருந்தார். அது எனக்கு முதலில் தெரியாது. அண்ணைதான் இயக்குநரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் வாதாடினார். வெளியே வந்து, "நாக்கு மீன் வேலை உனக்குத்தான். நீதான் பண்ணப் போற" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

நாக்கு மீன் தட்டையானது. மணலோடு ஒட்டிக் கிடக்கும். தேம்ஸ் ஆறு விரிந்து கடலாகிற பக்கத்தில் சின்னப் படகுக்காரர்கள் சிலர் அதை நம்பித்தான் தொழில் செய்தார்கள். சில வருடங்களாக அது குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கரையின் குழு எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: எதை மூடினால் மீன் மீளும்?

குழுவின் அதிகாரம் கரையோரத்தோடு முடிந்துவிடும். நாங்கள் அதை உள்பக்கம் என்று சொல்வோம். அதற்கப்பால் வெளிப்பக்கம், பெரிய படகுகள் இழுக்கிற இடம். அங்கே இந்தக் குழு சொன்னால் ஒருவரும் கேட்க வேண்டியதில்லை.

பெரிய படகுகளின் கணக்கு அரசிடம் இருந்தது. சின்னப் படகுகளுக்கு ஒழுங்கான பதிவே இல்லை. அப்போதுதான் ஒரு படகோட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அறுபது வயது தாண்டியவர். தான் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளையும் எழுதி வைத்திருக்கிறார் என்றார்கள். ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி அவரைப் பார்க்கப் போனேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள் ஆட்கள் மீன் பிடிப்பவர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. என் அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். நான் இதுவரை படகில் ஏறியதே இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் முதலில் ஏறு" என்றார்.

அடுத்த கிழமை ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றிலிருந்த எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவர் ஒரு வாளியையும், பிறகு ஒரு பிஸ்கட்டையும் நீட்டினார். கரைக்கு வந்த பிறகுதான் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார். பதினொரு வருடத்துக்குப் பதினொரு புத்தகங்கள். எந்த இடம், எத்தனை மணி நேரம், நீரோட்டம் எப்படி, எத்தனை பெட்டி மீன் என்று எல்லாம் இருந்தது. சட்ட அளவைவிடச் சிறிதாக இருந்ததால் திரும்பக் கடலில் விட்ட மீன்களைக்கூட எழுதியிருந்தார். அந்தக் கணக்கு இங்கிலாந்தில் வேறு எவரிடமும் இருந்திருக்காது.

அவர் அவற்றைத் தர இரண்டு நிபந்தனை சொன்னார். தான் வலை போடுகிற இடங்கள் மற்றவர்களுக்குத் தெரியும்படி எந்த வரைபடத்திலும் வரக் கூடாது. முடிவு என்னவானாலும் குழுவுக்குப் போகுமுன் தனக்குக் காட்ட வேண்டும். நான் சரி என்றேன். அவருக்கு என் சொல் மட்டும் போதவில்லை. "உன் மேலதிகாரியும் வந்து சொல்லட்டும்" என்றார். அதற்காகவே அண்ணை என்னோடு ஒருநாள் வந்தார். இரண்டையும் தன் வாயால் திருப்பிச் சொல்லி அந்த மனிதருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். ரயிலில் திரும்பி வரும்போது, "இப்படி ஒரு டேட்டா கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். நான் பிளாஸ்டிக் பையில் சுற்றிய புத்தகங்களை மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தேன்.

மாடல் எட்டு மாதம் எடுத்தது. மீனின் காதுக்குள் இருக்கிற சின்னக் கல்லை அறுத்து, மரத்தின் வளையங்களைப் போல எண்ணினால் வயது தெரியும். அந்த வயதுகளையும் நோட்டுப் புத்தகங்களையும் பெரிய படகுகளின் பதிவுகளையும் ஒன்றாகப் பொருத்தினேன். எல்லாம் ஓரளவு சரியாக வந்தது. ஒன்றே ஒன்றுதான் பிடிபடவில்லை. உள்பக்கத்து மீனில் எவ்வளவு வெளிப்பக்கம் போய் வருகிறது? அதற்கு எங்களிடம் எந்தத் தரவும் இல்லை.

ஆகவே மூன்று விதமாகக் கணக்குப் பார்த்தேன். மீன் அதிகம் நகராது என்று வைத்தால், உள்பக்கத்தை வசந்த காலத்தில் மூடினாலே போதும், ஐந்தாறு வருடத்தில் மீண்டுவிடும். ஓரளவு நகரும் என்று வைத்தால், உள்பக்கத்தை மட்டும் மூடுவதால் பெரிய பயன் இல்லை. நிறைய நகரும் என்றால் ஒரு பயனும் இல்லை. சின்னப் படகுக்காரன் விட்டுவைத்த மீனை வெளியே பெரிய படகு அள்ளிக்கொண்டு போகும். ஒரே படத்தில் மூன்று கோடுகள் போட்டேன். ஒன்று மேலே ஏறியது. ஒன்று ஏறக்குறையப் படுத்தே கிடந்தது. மூன்றாவது கீழே இறங்கியது. ஒவ்வொன்றையும் சுற்றி, பிழை எவ்வளவு இருக்கலாம் என்று காட்டுகிற சாம்பல் பட்டை. "எது உண்மை என்று இன்றைய தரவை வைத்துச் சொல்ல முடியாது" என்று படத்துக்குக் கீழே எழுதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அதை அண்ணையிடம் கொடுத்தேன். கூட்டத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. "நல்லா வந்திருக்கு. நான் பாத்துக்கறேன்" என்றார். படகோட்டிக்கு எப்போது காட்டுவது என்று கேட்டேன். "அதையும் நானே ஏற்பாடு பண்றேன்" என்றார். அந்தக் கிழமை மகளுக்குக் காய்ச்சல். நான் நான்கு நாள் லீவு எடுத்தேன். திரும்பி வந்து கேட்டபோது, எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று தலையாட்டினார். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவரைச் சந்தேகப்படலாம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

கூட்டம் லண்டனில், ஆற்றங்கரையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. படகுக்காரர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஏதோ சாவுவீட்டுக்கு வந்தவர்களைப் போல இறுக்கமான கோட்டு மாட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் படகோட்டி என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அவருடைய முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

அண்ணை பேசத் தொடங்கினார். நன்றாகப் பேசுவார். மூன்றாவது படத்தில் என்னுடைய வரைபு திரையில் வந்தது. அதில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது, மேலே ஏறுகிற கோடு. சாம்பல் பட்டை இல்லை. கீழே நான் எழுதிய வசனமும் இல்லை. திரைக் கருவியில் ஏதோ பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த படம் வரைபடம். உள்பக்கத்தில் சிவப்பால் ஒரு பெட்டி போட்டிருந்தது. மார்ச்சிலிருந்து ஜூன் முடியும் வரை மூட வேண்டிய இடம் என்று அண்ணை சொன்னார். அந்தப் பெட்டியின் எல்லைகளை நான் நன்றாக அறிவேன். அது பதினொரு நோட்டுப் புத்தகங்களிலும் திரும்பத் திரும்ப வந்த இடம். எங்கள் தரவு நன்றாக இருந்த ஒரே இடம் அது என்பதால் பெட்டியும் அங்கேதான் விழுந்தது.

கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். பின்வரிசையிலிருந்து படகோட்டி எழுந்தார். அண்ணையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது உன்னுடைய கணக்கா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே வசனம். மூன்று கோடுகள் இருந்தன, இரண்டைக் காணவில்லை. அவ்வளவுதான். வாய் திறந்தேன். திரைப் பக்கமே திரும்பி நின்ற அண்ணையின் முதுகு தெரிந்தது. இயக்குநரின் அறைக்கதவு நினைவுக்கு வந்தது.

"மாடல் என்னுடையதுதான்" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அறிக்கை தெளிவாக இருக்கிறது என்று தலைவர் சொல்ல, குழு கையை உயர்த்தியது. வெளியே லிஃப்ட் வாசலில் அவர் என்னைக் கடந்து போகும்போது நின்றார். "அந்தப் பெட்டியின் வடக்கு மூலை. அது என் புத்தகத்தில் இருந்துதானே?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

அண்ணையைப் படிக்கட்டருகே பிடித்தேன். சுற்றி ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். எங்களுடைய தமிழ் யாருக்கும் விளங்காது என்பது அன்றைக்கு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது கேட்க வேண்டும் போலிருந்தது.

"அண்ணை, மற்ற ரெண்டு கோடும் எங்கை?"

"பின்னிணைப்புல இருக்கும்மா. எதையும் நான் மறைக்கல."

"பின்னிணைப்பை ஆர் வாசிக்கிறது? நான் தந்ததிலை மூண்டும் ஒரே படத்திலை இருந்தது. ஏன் எடுத்தனீங்கள்?"

"நான் ஒரு நம்பரக்கூட மாத்தல. அத மொதல்ல புரிஞ்சுக்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு கோட்டக் காட்டினா என்ன செய்வாங்க தெரியுமா? இன்னும் ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணுங்கன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. வெளிப்பக்கத்த மூட அவங்களுக்கு அதிகாரமே இல்ல. அவங்களால செய்ய முடியற ஒண்ணத்தான நாம சொல்ல முடியும்?"

"அவையாலை செய்ய ஏலும் எண்டதுக்காக அது சரியாகிடுமோ?"

"ஒண்ணுமே செய்யாததுக்கு இது மேல்."

"அந்த மனுசனுக்கு முதல் காட்டுவம் எண்டு சொன்னனாங்கள். நீங்களும்தான் கை குடுத்தனீங்கள்."

"நேரம் இல்லம்மா."

"பதினொரு நாள் இருந்தது அண்ணை."

அவர் கைப்பையின் வாரைச் சரி செய்தார்.

"எனக்காவது ஒரு வார்த்தை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்ட" என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னை நன்றாக அறிந்த ஒருவரின் அக்கறையோடு சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. என் குணம் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை எனக்குத் தெரியாமல் என்னைக் கடந்து போகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

வடக்கு லண்டனில், எட்மண்டனில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, ஷிப்ட் முடிந்து வந்திருந்த கணவர் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் எலெக்ட்ரீஷியன். ஹொலண்டில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். எதையும் சுற்றி வளைக்காமல் கேட்பார். நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவர் செய்தது பிழைதான்" என்றார். "ஆனா அந்தக் கிழவன் உம்மட்டைத்தானே கேட்டது. நீர் ஏன் எழும்பிச் சொல்லேல்லை?"

"எனக்குத் தெரியேல்லை."

"தெரியும் உமக்கு" என்றார். மகளின் வாயைத் துடைத்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒருபோதும் கேட்கவில்லை.

மறுநாள் இயக்குநரிடம் போனேன். மூன்று கோடுகளும் உள்ள படத்தைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். "அறிக்கையின் பின்னிணைப்பில் அது இருக்கிறதே" என்றார் அவரும். இருவரும் ஒரே சொல்லைப் பேசி வைத்திருந்தார்கள். அதனால் என் சொந்தப் பெயரில் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். உள்பக்கத்தை மட்டும் மூடினால் பயன் இருக்கும் என்பது மூன்று சாத்தியங்களில் ஒன்றுதான், மற்ற இரண்டும் உண்மையானால் சின்னப் படகுகள் வீணாகத் தண்டிக்கப்படும் என்று எழுதினேன். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். என் கருத்தைக் கவனத்தில் எடுத்ததாகச் சொல்லியிருந்தார்கள். மார்ச்சில் பெட்டி மூடப்பட்டது.

அலுவலகத்தில் அண்ணையும் நானும் பிறகு ஒன்றாகச் சாப்பிடவில்லை. அவர் ஒன்றிரண்டு முறை தன் டப்பாவோடு என் மேசைக்கு வந்து நின்றார். நான் கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை. கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. "என்கிட்ட சொல்லிட்டு எழுதியிருக்கலாமே" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். "சொன்னா நீங்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டியள்" என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

நோட்டுப் புத்தகங்கள் இன்னும் எங்கள் அலுமாரியில்தான் இருந்தன. அவற்றைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஏப்ரலில் ஒருநாள் நானே கொண்டுபோனேன். படகு கட்டப்பட்டிருந்தது. அவர் மேல்தளத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். ஏறு என்று இந்த முறை சொல்லவில்லை. கரைக்கு இறங்கி வந்து, பையைத் திறந்து, பதினொன்றும் இருக்கிறதா என்று பார்த்தார்.

கரையில் நின்றபடியே மூன்று கோடுகளையும் அவருக்கு விளக்கினேன். குழுவுக்கு விளக்கியிருக்க வேண்டிய எல்லாவற்றையும் சொன்னேன். மீன் எவ்வளவு வெளியே போய் வருகிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை என்றேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து ஓரத்தில் விரல் வைத்தார். சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள். எனக்கு அவை தெரியும். என்னவென்று அவரிடம் கேட்க வேண்டியவற்றின் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். முடிவைக் காட்டப் போகிற நாளில் கேட்கலாம் என்று விட்டிருந்தேன்.

"இவை தழும்புள்ள மீன்கள்" என்றார். "வெளியே பெரிய படகுகள் வலைக்கு முன்னால் சங்கிலி கட்டி இழுக்கும். அதில் அடிபட்டுத் தப்பிய மீன், ஆறின தழும்போடு என் வலையில் வரும். இந்தப் பக்கத்தில் ஒருவரும் சங்கிலி இழுப்பதில்லை."

பக்கத்துக்குப் பக்கம் சிலுவைகள் இருந்தன. மீன் வெளியே போய்த் திரும்புகிறது என்பதற்கு எட்டு மாதமாக நான் தேடிய சான்று என் மேசையிலேயே இருந்திருக்கிறது.

"நீ என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார்.

"உங்களுக்குக் காட்டும்போது கேட்க இருந்தேன்."

"ஆம்" என்றார். "காட்டுவதாகத்தான் சொன்னாய்."

அந்தச் சிலுவைகளைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இனித் தன் புத்தகத்திலிருந்து ஒரு எழுத்தும் யாருக்கும் போகக் கூடாது என்றார். அந்த ஒரு வாக்கையாவது நான் காப்பாற்றினேன். கோடை முடிய அந்த வேலையை விட்டேன். ஒரு கல்லூரியில் புள்ளிவிவரம் படிப்பிக்கப் போனேன். அடுத்த மார்ச் மூடலுக்குள் அந்தப் படகோட்டி தன் படகை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அண்ணையைப் பிறகு ஒரேயொரு முறை கண்டேன். மூன்று வருடம் கழித்து, ஹைகேட் முருகன் கோயிலில், ஒரு தைப்பூச நாள். அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். தலை நரைத்திருந்தது. இருவருக்கும் விலகிப் போக இடமில்லை.

"நாக்கு மீன் கூடியிருக்கு, கேள்விப்பட்டியா?" என்றார். குரலில் ஒரு உற்சாகம். இந்த ஒன்றைச் சொல்லத்தான் மூன்று வருடம் காத்திருந்தார் போலிருந்தது. "உள்பக்கம் நல்லா ஏறியிருக்கு."

"வெளிப்பக்கத்திலை எப்பிடி?"

கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்கிறவர் அல்ல அவர். எப்போதுமே பொய் சொன்னதில்லை. "அங்கயும் கூடியிருக்கு" என்றார்.

அங்கே யாரும் எதையும் மூடவில்லை. ஏதோ ஒரு வருடம் குஞ்சுகள் நிறையப் பிழைத்திருக்கின்றன. பெட்டியை மூடினாலும் மூடாவிட்டாலும் மீன் கூடியிருக்கும். இதை எங்கள் இருவருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் கண்ணைத் தாழ்த்தினார். வரிசை ஓரடி நகர்ந்தது. தான் செய்தது பிழை என்று அவர் இப்போது சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை, ஒரு வார்த்தை போதும்.

"பொண்ணு இப்ப எந்த வகுப்பு படிக்கறா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடம், என்ன பாடம் பிடிக்கும், முன்பல் விழுந்தது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டார். திருநீறு வாங்கிக்கொண்டு விடைபெற்றோம். ஆர்ச்வே ஸ்டேஷனை நோக்கி மலையிறங்கி வரும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பாதி தூரத்தில் நின்று, திரும்பிப் போய் அவர் சொல்லாததை நானே சொல்லலாமா என்று யோசித்தேன். மழை தூறத் தொடங்கியது. நடந்து போய் ரயில் ஏறினேன்.